பிராக்கெட் ஜோடி சேர்ந்ததா? கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும் விதம்

எக்செல்லில் =(200+300*2 என்று டைப் செய்து என்டர் தட்டிப் பாருங்கள். மூடும் பிராக்கெட்டை நீங்கள் போடாவிட்டாலும் எக்செல் தானே போட்டுக்கொள்ளும். ஒன்று விடுபட்டது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரிகிறது?

திறப்பவை எத்தனை, மூடுபவை எத்தனை என்று எண்ணினால் போதுமே என நீங்கள் நினைக்கலாம். போதாது. ( [ ) ] என்பதைப் பாருங்கள். திறப்பவை இரண்டு, மூடுபவை இரண்டு. எண்ணிக்கை சரி, ஆனால் வரிசை தவறு. கடைசியாகத் திறந்ததைத்தான் முதலில் மூட வேண்டும்.

இதற்கு என்னைப் போன்ற புரோகிராமர்கள் பயன்படுத்துவது ஸ்டாக் என்னும் முறை. ஓட்டலில் கழுவி அடுக்கிய தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வைத்த தட்டுதான் முதலில் கைக்கு வரும். ஜெர்மனியைச் சேர்ந்த பவர், சாமெல்சன் இருவரும் 1957-ல் இம்முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள்.

புரோகிராம் வரியை இடமிருந்து வலமாகப் படிக்கும்போது செய்வது இதுதான்:

1. திறக்கும் பிராக்கெட் வந்தால், அதை அடுக்கின் மேல் வைக்கும்.

2. மூடும் பிராக்கெட் வந்தால், அடுக்கின் மேலே இருப்பதை எடுக்கும். இரண்டும் ஜோடி என்றால் மேலே தொடரும். ஜோடி மாறினாலோ, அடுக்கு காலியாக இருந்தாலோ தவறு.

3. வரி முடிந்ததும் அடுக்கு காலி என்றால் எல்லாம் சரி. மிச்சம் இருந்தால் எதையோ மூடவில்லை என்று பொருள்.

முன்பு பார்த்த ( [ ) ] வரியில் இதைச் செய்து பார்ப்போம். முதலில் ( அடுக்கில் ஏறுகிறது. அதன் மேல் [ ஏறுகிறது. அடுத்து வருவது ) என்ற குறி. மேலே இருப்பதோ [ என்ற குறி. ஜோடி சேரவில்லை, தவறு பிடிபட்டுவிட்டது!

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். 200 ரூபாய், 300 ரூபாய் பொருள்களில் இரண்டிரண்டு வாங்கினால் ஆகும் செலவு (200+300)*2, அதாவது 1000 ரூபாய். ஆனால் எக்செல் பிராக்கெட்டைக் கடைசியில் மூடியதால் (200+300*2) என்றாகி, விடை 800 என்று வரும். இரண்டிலும் ஜோடி சரிதான். விடைதான் வேறு.

பிராக்கெட் ஜோடி சேர்ந்ததா என்று மட்டுமே ஸ்டாக் சொல்லும். சரியான இடத்தில் இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். எனவே வீட்டுச் செலவு, வட்டிக் கணக்கு எதுவானாலும், என்டர் தட்டிய பின் அந்தக் கட்டத்தைக் கிளிக் செய்து, மேலே ஃபார்முலா பாரில் தெரியும் வரியை ஒருமுறை படித்துவிடுங்கள்.