கூட்டமாய்ப் போன கப்பல்கள்: அட்லாண்டிக் கடலில் ஒரு கணக்கு



உங்களிடம் 50 சரக்குக் கப்பல்கள் இருக்கின்றன. எதிரியின் நீர்மூழ்கிகள் சுற்றித் திரியும் கடலைத் தாண்டி அவற்றை அனுப்ப வேண்டும். தனித்தனியாக அனுப்புவீர்களா? ஒன்றாகச் சேர்த்து அனுப்புவீர்களா?

இதை நம்ம வகுப்பு நண்பர்களிடம் கேட்டுப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர், "தனித்தனியா அனுப்பணும்டா, சேர்த்து அனுப்பினா மொத்தமா போயிடும்" என்றார்கள். நியாயமான பதில்தான். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையின் பெரிய அதிகாரிகள் பலரும் இப்படித்தான் நினைத்தார்கள். விளைவு? 1917 ஏப்ரல் ஒரே மாதத்தில் 8 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் கடலுக்கு அடியில் போயின. அதன் பிறகுதான் கப்பல்களைக் கூட்டமாக, காவலோடு அனுப்பத் தொடங்கினார்கள். இழப்பு மளமளவென்று குறைந்தது. இந்த முறைக்குப் பெயர்தான் கான்வாய்.

நம் எண்ணத்துக்கு மாறாக இது எப்படி நடந்தது? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

தீவு நாட்டின் வயிறு

1939 செப்டம்பர் 3-ஆம் தேதி பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. அன்று இரவே 'அதீனியா' என்ற பயணிகள் கப்பலை ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கி மூழ்கடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று தொடங்கிய அட்லாண்டிக் போர், 1945 மே மாதம் ஜெர்மனி சரணடையும் வரை ஓயவில்லை.

பிரிட்டன் ஒரு தீவு. சாப்பாட்டில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வர வேண்டும். பெட்ரோல், இரும்புத் தாது, மரம் எல்லாம் கப்பலில்தான் வர வேண்டும். கப்பல் வராவிட்டால் சண்டை போடாமலே தோற்றுவிடலாம். ஜெர்மன் நீர்மூழ்கிப் படையின் தளபதி டோனிட்ஸ் போட்ட கணக்கு இதுதான். கட்டுகிற வேகத்தைவிட வேகமாகக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டே இருந்தால் போதும், பிரிட்டன் பட்டினியில் பணிந்துவிடும்!

நீர்மூழ்கி எப்படி வேலை செய்தது?

நீர்மூழ்கி என்றால் எப்போதும் நீருக்கடியிலேயே போகும் என்று நினைக்கிறோம். அந்தக் காலத்து நீர்மூழ்கி அப்படி இல்லை. ஜெர்மனி அதிகமாகக் கட்டிய ஏழாம் வகை நீர்மூழ்கி, கடலின் மேலே டீசல் என்ஜினில் மணிக்கு சுமார் 31 கிலோமீட்டர் போகும். முங்கிவிட்டால் டீசலை ஓட்டக் காற்று கிடையாது, பேட்டரியும் மின்மோட்டாரும்தான். வேகம் சுமார் 14 கிலோமீட்டருக்கு இறங்கிவிடும். அந்த வேகத்திலும் ரொம்ப நேரம் ஓட முடியாது, பேட்டரி தீர்ந்துவிடும். அப்புறம் மேலே வந்து சார்ஜ் பண்ணியே ஆக வேண்டும்.

ஆகவே அது தேவைப்படும்போது மட்டும் முங்குகிற ஒரு படகு, அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

கூட்டம் ஏன் தப்பிக்கிறது?

கடல் மிகப் பெரியது. நீர்மூழ்கியின் மேல்தளத்தில் நின்று பார்ப்பவருக்கு ஒரு கப்பலின் புகை 20 கிலோமீட்டர் தூரம் வரை தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். 45 கப்பல்கள் சேர்ந்த கான்வாய், 9 வரிசையாக, வரிசைக்கு 5 கப்பலாகப் போகும். அகலம் ஏழெட்டு கிலோமீட்டர். நடுவிலிருந்து கணக்குப் போட்டால் இந்தக் கூட்டம் முழுவதும் 24 கிலோமீட்டரிலிருந்து தெரியும். தனிக் கப்பலைவிட 4 கிலோமீட்டர்தான் கூடுதல்!

45 கப்பல்கள் தனித்தனியாகப் போனால் எதிரி கண்ணில் படுவதற்கு 45 வாய்ப்பு. சேர்ந்து போனால் ஏறக்குறைய ஒரே ஒரு வாய்ப்பு. பார்த்துவிட்டாலும் ஒரு நீர்மூழ்கியிடம் இருப்பது 14 டார்பிடோ. அதற்குள் காவல் கப்பல்கள் துரத்த ஆரம்பித்துவிடும். எதிரியைக் கடல் முழுக்கத் தேடி அலைய வேண்டாம், இரையைத் தேடி அவனே வந்துவிடுவான்.

போர் நடுவில் இன்னொரு கேள்வி வந்தது. கான்வாய் சிறியதாக இருப்பது நல்லதா, பெரியதாக இருப்பது நல்லதா? 40 கப்பலுக்கு மேல் வேண்டாம் என்பது கடற்படையின் எண்ணம். பேட்ரிக் பிளாக்கெட் என்ற இயற்பியல் பேராசிரியரின் குழு (இவர் 1948-இல் நோபல் பரிசு பெற்றவர்) நடந்து முடிந்த பயணங்களின் ரெக்கார்டுகளை எடுத்து எண்ணிப் பார்த்தது. சராசரி 32 கப்பல் கொண்ட சிறிய கான்வாய்களில் இழப்பு 2.5 சதவீதம். சராசரி 54 கப்பல் கொண்ட பெரிய கான்வாய்களில் 1.1 சதவீதம்தான்!

காரணம் நம்ம முதலாண்டுக் கணக்குதான். 36 கப்பலை 6-க்கு 6 சதுரமாக நிறுத்துங்கள். சுற்றளவு 24 பங்கு. 81 கப்பலை 9-க்கு 9 சதுரமாக நிறுத்துங்கள். சுற்றளவு 36 பங்கு. கப்பல் இரண்டேகால் மடங்கு கூடியது, காவல் காக்க வேண்டிய ஓரம் ஒன்றரை மடங்குதான் கூடியது. அதாவது அதே காவல் கப்பல்களைக் கொண்டு அதிகச் சரக்கைக் காப்பாற்றலாம். 1944 ஜூலையில் 160-க்கும் மேற்பட்ட கப்பல்கள் ஒரே கான்வாயாக நியூயார்க்கிலிருந்து கிளம்பி, பத்திரமாகப் பிரிட்டன் போய்ச் சேர்ந்தன.

கணக்கு தோற்ற இரவுகள்

அப்படியானால் கான்வாய் எப்போதும் ஜெயித்ததா? இல்லை. காவல் இல்லாத கூட்டம் வெறும் கூட்டம்தான்.

1940 அக்டோபர் 5-ஆம் தேதி கனடாவின் சிட்னி துறைமுகத்திலிருந்து எஸ்.சி.7 என்ற கான்வாய் கிளம்பியது. 35 பழைய, மெதுவான கப்பல்கள். மரம், இரும்புத் தாது, தானியம். பாதி வழிக்கும் மேல் துணைக்கு வந்தது ஒரே ஒரு காவல் கப்பல். டோனிட்ஸின் நீர்மூழ்கிகள் ஓநாய்க் கூட்டம் மாதிரி ஒன்றுசேர்ந்து, இரவில், முங்காமல், கடலின் மேலாகவே வந்தன. காவல் கப்பலிடம் இருந்த 'ஆஸ்டிக்' கருவி நீருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலியை வைத்து நீர்மூழ்கியைக் கண்டுபிடிப்பது. மேலே மிதந்து வருபவனை அது காட்டாது. ஓட்டோ கிரெட்ஷ்மர் என்ற தளபதி தன் யூ-99 நீர்மூழ்கியைக் கான்வாய் வரிசைகளுக்கு நடுவிலேயே கொண்டுபோய்ச் சுட்டார். 35-இல் 20 கப்பல்கள் மூழ்கின. இரும்புத் தாது ஏற்றிய கப்பல், கல்லைப் போட்ட மாதிரி நிமிடக் கணக்கில் போய்விடும்.

1942 இன்னும் மோசம். அந்த ஒரு வருடத்தில் நீர்மூழ்கிகள் மட்டும் 60 லட்சம் டன்னுக்கு மேல் மூழ்கடித்தன.

திருப்பிப் போட்டது எது?

ஒரே ஒரு மாய ஆயுதம் என்று எதையும் சொல்ல முடியாது. பல சின்னச் சின்ன வேலைகள் சேர்ந்து திருப்பிப் போட்டன.

ஒன்று: 1940 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இருவர் 'மேக்னட்ரான்' செய்தார்கள். சுமார் 10 செ.மீ. அலைநீளத்தில் இயங்கும் சிறிய ரேடார் அதனால் வந்தது. இருட்டில் மேலே மிதக்கும் நீர்மூழ்கி இனி ஒளிய முடியாது.

இரண்டு: நீர்மூழ்கிகள் ஒன்றுகூட ரேடியோவில் பேசியாக வேண்டும். அந்த ரேடியோ எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காட்டும் கருவியைக் காவல் கப்பல்களில் பொருத்தினார்கள். பிளெட்ச்லி பூங்காவில் ஜெர்மானியரின் எனிக்மா ரகசியக் குறியீட்டையும் உடைத்தார்கள்.

மூன்று: விமானத்திலிருந்து போடும் குண்டு 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைத்திருந்தார்கள். வில்லியம்ஸ் என்ற இயற்பியலாளர் கணக்குப் போட்டார். விமானத்தைப் பார்த்து அப்போதுதான் முங்கிய நீர்மூழ்கி 100 அடியில் எப்படி இருக்கும்? குண்டு அதற்குக் கீழே வீணாக வெடிக்கிறது. 25 அடிக்கு மாற்றச் சொன்னார். புதுக் குண்டு இல்லை, புது விமானம் இல்லை. ஆழத்தை மாற்றி வைத்தார்கள், பலன் பல மடங்கு கூடியது. பிடிபட்ட ஜெர்மானியர்கள் ஏதோ புது வெடிமருந்து வந்துவிட்டது என்று நினைத்தார்களாம்!

நான்கு: நீண்ட தூரம் பறக்கும் 'லிபரேட்டர்' விமானங்கள் நடு அட்லாண்டிக் வரை வந்தன.

1943 மார்ச்சில் இரண்டு கான்வாய்களில் 22 கப்பல்களைப் பறிகொடுத்தவர்கள், மே மாதத்தில் 40-க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை அழித்தார்கள். மே 24-இல் டோனிட்ஸ் தன் படையை வட அட்லாண்டிக்கிலிருந்து விலக்கிக்கொண்டார். போர் முடிவதற்குள் ஜெர்மன் நீர்மூழ்கிக்காரர்களில் பத்துக்கு ஏழு பேராவது செத்துப் போயிருந்தார்கள். அவர்களில் பலர் நம்மைவிட நாலைந்து வயதுகூட மூத்தவர்கள் இல்லை.

என்ஜின் ரூமில் இருந்தவர்கள்

இந்தக் கதையை ஒரு நாள் இரவு எங்கப்பாவிடம் சொன்னேன். அவர் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. எல்லாம் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏம்ப்பா, கப்பல் முழுகிப் போச்சுன்னா அந்த மாலுமிக்குச் சம்பளம் உண்டா இல்லையா?"

தேடிப் பார்த்தேன். அப்பா கேட்டது சரியான கேள்வி. 1941 மே வரை பல பிரிட்டிஷ் கம்பெனிகளில் கப்பல் மூழ்கிய நாளோடு மாலுமியின் சம்பளமும் நின்றது. உயிர்ப்படகில் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்த நாட்களுக்குக் கூலி இல்லை! 1941-இல் வந்த அரசு உத்தரவுதான் அதை மாற்றியது.

டார்பிடோ அடிப்பது நீர்மட்டத்துக்குக் கீழே. அங்கேதான் என்ஜினும் பாய்லரும். ஷிஃப்டில் இருப்பவர் மேலே வர ஒரு இரும்பு ஏணிதான் வழி. மூழ்கும் கப்பலுக்காக மற்றக் கப்பல்கள் நிற்கக் கூடாது என்பது கான்வாய் விதி. நின்றால் நிற்கிற கப்பலும் போகும். மீட்புக் கப்பல் கூட வந்திருந்தால் பிழைப்பு, இல்லாவிட்டால் இல்லை.

அந்த பாய்லர் ரூம்களில் நம் நாட்டவர்கள் இருந்தார்கள். போருக்கு முன்பு பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களின் மாலுமிகளில் ஏறக்குறைய நாலில் ஒருவர் இந்தியத் துணைக்கண்டத்தவர். சில்ஹெட், கோவா, பஞ்சாப் எனப் பல ஊர்க்காரர்கள். அவர்களை 'லஸ்கர்' என்று அழைத்தார்கள். ஒரே கப்பல், ஒரே டார்பிடோ. ஆனால் வெள்ளைக்காரருக்குக் கொடுத்த சம்பளத்தைவிட மிகக் குறைந்த சம்பளம். 1939-இல் போர் தொடங்கியதும் இவர்கள் பல துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். பிறகே கூலி கூடியது.

1940 செப்டம்பர் 17 இரவு, பிரிட்டனிலிருந்து கனடாவுக்குக் குழந்தைகளை ஏற்றிச் சென்ற 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' கப்பலை யூ-48 நீர்மூழ்கி தாக்கியது. காவல் கப்பல் அன்றுதான் பிரிந்து போயிருந்தது. பத்திரமான இடத்துக்கு என்று அனுப்பப்பட்ட 90 குழந்தைகளில் 77 பேர் இறந்தார்கள். அதே இரவில் இறந்த இந்திய மாலுமிகள் ஏறக்குறைய 100 பேர். குழந்தைகளைப் பற்றி உலகம் அழுதது, அழ வேண்டியதுதான். அந்த 100 பேரைப் பற்றிப் பேசினவர்கள் ரொம்பக் குறைவு. போர் முழுவதிலும் உயிரிழந்த இந்திய மாலுமிகள் 6,000-க்கும் மேல்.

நமக்கு என்ன?

நண்பர்களே, இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு. நினைப்பது வேறு, எண்ணிப் பார்ப்பது வேறு. லேபில் ரீடிங் எடுக்கும்போது பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறோமே, அந்த மாதிரி ஒருவன் 100 அடி என்று எழுதி வைத்தால் எத்தனை கப்பல் போகும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

இன்னொன்று, எண்ணும்போது எல்லோரையும் எண்ண வேண்டும். டன் கணக்கு, கப்பல் கணக்கு எல்லாம் புத்தகங்களில் முதல் பக்கத்தில் இருக்கிறது. பாய்லர் ரூம் ஆள் கணக்கைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. நாளைக்கு நம்மில் சிலர் கப்பலுக்குப் போவோம், சிலர் மில்லுக்கு, சிலர் பவர் ஹவுசுக்கு. சூபர்வைசராகக் கையில் நோட்டோடு நிற்போம். கீழ்த்தளத்தில் எத்தனை பேர் இறங்கியிருக்கிறார்கள், மேலே வர வழி இருக்கிறதா என்பதையும் அந்த நோட்டில் எழுதுவோம்!

– இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை