பழைய டைல்ஸ் மேலேயே புது டைல்ஸ்

சமையலறைச் சுவர் டைல்ஸ் மங்கி, இடுக்கெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியபிறகும் பலர் மாற்றாமல் தள்ளிப்போடக் காரணம், உடைக்கும் வேலைதான். சுவருக்குள் ஓடும் குழாயும் ஒயரும் அடிபடலாம். பறக்கும் தூளில் உள்ள சிலிக்கா வேலையாட்களின் நுரையீரலைக் கெடுக்கும். பழைய டைல்ஸ் மேலேயே புதியதை ஒட்டினால் இந்தப் பாடு பெருமளவு குறையும். ஆனால் எல்லாச் சுவருக்கும் இது பொருந்தாது.

புது டைல்ஸைத் தாங்கப்போவது பழையதுதான். அதனால் கடைக்குப் போகும் முன்பே, ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டிப் பார்த்துவிட வேண்டும். கெட்டியான சத்தம் வந்தால் பிடிப்பு இருக்கிறது. பொள்ளலாகக் கேட்டால் பின்னால் காலி. ஒன்றிரண்டு மட்டும் அப்படியென்றால் அவற்றைப் பெயர்த்து, கலவை பூசிச் சமன் செய்துகொள்ளலாம். சுவர் முழுக்க அப்படிக் கேட்டால் உடைத்தே ஆகவேண்டும். 8 மில்லிமீட்டர் டைல்ஸும் பசையும் சேர்ந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 20 கிலோ. பிடிப்பில்லாத டைல்ஸ் அந்தப் பாரத்தைத் தாங்காது. இடுக்கில் உப்புப் பூத்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். மறுபக்கம் குளியலறையானால் அந்தக் கசிவை முதலில் நிறுத்த வேண்டும்.

சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் முன்னே வரும். ஸ்விட்ச் பாக்ஸ் உள்ளே போய்விடும், அதற்கு நீளமான திருகாணி வேண்டும்; குழாய்க்கு எக்ஸ்டென்ஷன் நிப்பிள். மேடையின் அகலமும் அந்த அளவு குறையும்.

பழைய டைல்ஸின் பளபளப்பு நீரை உறிஞ்சாது. சாதாரண சிமென்ட் கலவைக்கு அதில் பிடிமானமே கிடைக்காது, சில காலத்தில் டைல்ஸ் கழன்று விழும். சிமென்டில் ஒட்டித்தரச் சொல்லிப் பணத்தை மிச்சம் பிடிப்பது இந்த வேலையில் ஆபத்தான சிக்கனம். முதலில் பிசுக்கு முழுக்கப் போகுமாறு சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அடுப்புக்கு நேர் பின்னே உள்ள பகுதியை இரண்டு முறை. பிறகு மேற்பரப்பைக் கிரைண்டரால் கீறிவிடலாம், அல்லது இதற்கென்றே உள்ள பிரைமர் அடிக்கலாம். கீறுபவர் முகக்கவசம் போட்டே தீரவேண்டும். டைல்ஸ் பசைக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 15477. மூட்டையில் அந்த எண் இருக்கிறதா, டைல்ஸ் மேல் டைல்ஸ் ஒட்ட ஏற்றது என்று அச்சிட்டிருக்கிறதா என இரண்டையும் பார்த்து வாங்க வேண்டும்.

நான்கு மூலையிலும் நடுவிலும் பொட்டு வைத்து ஒட்டும் பழக்கம் இன்னும் போகவில்லை. அந்த இடைவெளிகள் டைல்ஸ் விரிசல்விட வழி, கரப்பான் குடியேறவும் வசதி. பல் கரண்டியால் பசையை முழுக்க இழுத்து, அது காய்ந்து ஆடை கட்டுவதற்குள் அழுத்த வேண்டும். வெயில் காலத்தில் பசை சீக்கிரமே இறுகும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் குழைப்பது நல்லது. ஒட்டிய கையோடு ஒரு டைல்ஸை எடுத்துக் காட்டச் சொன்னால், முதுகெல்லாம் பசை பட்டிருக்கிறதா என்று வீட்டுக்காரரே பார்த்துக்கொள்ளலாம். மறுநாள் இடுக்குகளை எபாக்ஸி கிரவுட்டால் நிரப்பினால் மஞ்சள் கறை எளிதில் பிடிக்காது.