பூல் டைல்ஸ் மாத்த எவ்ளோ ஆகும்? முதல்ல காலண்டரைப் பாருங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

இந்த வாரக் கேள்வி தரமணியிலிருந்து ஒரு நேயர் அனுப்பினது. வீட்டுல சின்ன நீச்சல் குளம் இருக்கு. டைல்ஸ் அங்கங்க பெயர்ந்து காலைக் கிழிக்குது. மூணு பேர்கிட்ட கொட்டேஷன் வாங்கினா, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். "இதுல யார் நம்மள ஏமாத்துறாங்க?"ன்னு கேட்டிருக்காங்க.

யாருமே ஏமாத்தாமகூட அவ்வளவு வித்தியாசம் வரலாம். எப்படின்னு பார்ப்போம். "எனக்கு ஏதுங்க பூல்?"னு கேக்கறவங்களும் போயிடாதீங்க. உங்க அபார்ட்மெண்ட்ல பூல் இருந்தா, மெயின்டனன்ஸ்ல உங்க பங்கும் இருக்கு.

எந்த அளவை வெச்சு விலை சொல்றாங்க?

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரியா 1.3 மீட்டர் ஆழம் உள்ள ஒரு பூலை எடுத்துக்குவோம். தரை மட்டும் 32 சதுர மீட்டர், அதாவது சுமார் 344 சதுர அடி. நாலு பக்கச் சுவரையும் சேர்த்தா 63 சதுர மீட்டர், சுமார் 680 சதுர அடி. கிட்டத்தட்ட டபுள்!

ஒரு பேச்சுக்கு, சதுர அடிக்கு 300 ரூபாய்னு வெச்சுக்குவோம். இது மார்க்கெட் ரேட் இல்ல, கணக்கு புரியறதுக்காக மட்டும். தரையை மட்டும் அளந்தவருக்கு 1,03,200 ரூபாய் வரும். சுவரையும் அளந்தவருக்கு 2,04,000 ரூபாய். பில் போட்டு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தா 2,40,720. ரேட் ஒண்ணுதான், தொகைதான் வேற. அதனால கொட்டேஷன்ல முதல்ல பார்க்க வேண்டியது ரேட்டை இல்ல, எத்தனை சதுர அடின்னு எழுதியிருக்காங்கங்கறதை.

வேலையில என்னென்ன அடங்கும்?

அமெரிக்க யூடியூப் வீடியோக்கள்ல பழைய பூச்சு மேல புதுப் பூச்சு அடிச்சு முடிச்சிடுவாங்க. அங்க நிறைய பூல்ல சிமெண்ட் பூச்சுதான். நம்ம ஊர்ல பெரும்பாலும் டைல்ஸ். அதைக் கொத்தி எடுக்கணும், அடியில இருக்கிற கலவையைச் சுரண்டணும், வாட்டர் ப்ரூஃபிங் அடிக்கணும், தண்ணி நிறுத்தி டெஸ்ட் பண்ணணும், அப்புறம்தான் புது டைல்ஸும் க்ரவுட்டும்.

கொத்தி எடுத்த ரப்பிஷ் கொஞ்சநஞ்சம் இல்ல. 5 சென்டிமீட்டர் கனத்துக்குக் கொத்தினாலே மூணு கன மீட்டருக்கு மேல வரும். உடைஞ்சு குவியும்போது இன்னும் அதிகமாத் தெரியும். அதைத் தெருமுனையில கொட்டக் கூடாது. மாநகராட்சியோட கட்டடக் கழிவு மையம் பக்கத்துலயே, பெருங்குடியில இருக்கு. ரப்பிஷ் லாரிக்கு யார் காசு கொடுக்கறாங்கன்னு கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க.

முழுசா மாத்தணுமா?

ரெண்டு சோதனை, ரெண்டுமே இலவசம். முதல்ல, ஒரு நாணயத்தால டைல்ஸைத் தட்டிப் பாருங்க. கெட்டியான சத்தம் வந்தா பிடிமானம் இருக்கு. பொக்குன்னு கேட்டா உள்ள காத்து. சில இடம் மட்டும் பொக்கா இருந்தா அங்க மட்டும் மாத்தி, மத்த இடத்துல க்ரவுட் புதுசா போட்டாப் போதும். செலவு ரொம்பக் குறையும்.

ரெண்டாவது, பக்கெட் டெஸ்ட். பக்கெட்ல தண்ணி ஊத்தி, அதைப் பூல் படிக்கட்டுல பாதி முங்கற மாதிரி வெச்சு, உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தைக் குறிச்சுக்குங்க. மோட்டாரை நிறுத்திட்டு, மழை இல்லாத ஒரு நாள் கழிச்சுப் பாருங்க. ரெண்டும் ஒரே அளவு குறைஞ்சிருந்தா, அது வெயில்ல ஆவியானது. பூல்ல அதிகமாக் குறைஞ்சிருந்தா, எங்கயோ கசிவு. கசிவை விட்டுட்டு டைல்ஸ் மட்டும் மாத்தறது, ஓட்டைக் குடத்துக்குப் பெயிண்ட் அடிக்கற மாதிரி.

கொட்டேஷன்ல வராத செலவு

இந்த பூல்ல 41,600 லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் லாரின்னா 4 லோடு. டெஸ்டுக்கு ஒரு தடவை, கடைசியில ஒரு தடவைன்னு ரெண்டு முறை நிரப்பணும். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்ங்கற நகரக் கணக்குப்படி, ஒரு தடவை நிரப்புற தண்ணி 4 பேர் குடும்பத்துக்கு 77 நாளைக்கு வரும்.

2019 கோடையை ஞாபகம் வெச்சுக்குங்க. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் வறண்டுபோய், ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்ல தண்ணி வந்தது. அந்த முதல் ரயில்ல 25 லட்சம் லிட்டர். இந்த மாதிரி 60 பூல் நிரப்பினா அந்த ரயில் காலி!

சரி, அப்போ மழைக்காலத்துல தண்ணி தாராளமா இருக்கும்போது வேலையை வெச்சுக்கலாமா? அங்கதான் ஆபத்தே. தரமணிக்குப் பக்கத்துலதான் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் எவ்ளோ தண்ணி நின்னதுன்னு பார்த்தோம். நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது பூலைக் காலி பண்ணினா, அது ஒரு காலிப் படகு.

கணக்கு சிம்பிள். பூலோட அடித்தளத்துக்கு மேல 1 மீட்டர் நீர் ஏறினா, 32 சதுர மீட்டர் தரையை 32 டன் விசை மேல தள்ளும். 15 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தொட்டியோட மொத்த எடையே சுமார் 24 டன்தான். சுத்தி இருக்கிற மண்ணோட பிடிப்பு கொஞ்சம் காப்பாத்தலாம். இல்லைன்னா தொட்டி விரிசல் விடும், சில சமயம் அப்படியே மேல எழும்பிடும். அப்புறம் டைல்ஸ் செலவு இல்ல, புது பூல் செலவு.

அப்போ எப்போ பண்றது?

வடகிழக்குப் பருவமழை முடிஞ்சு, கோடைத் தட்டுப்பாடு வர்றதுக்கு முன்னாடி. அதாவது பொங்கல் கழிச்சு, பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குள்ள. அப்பவும் பக்கத்துக் கிணத்துல நீர்மட்டம் எவ்ளோன்னு பார்த்துட்டுத்தான் காலி பண்ணணும். தரையில நீரழுத்தத்தை வெளியேத்தற வால்வு இருக்கா, வேலை செய்யுதான்னும் கேளுங்க.

அந்தத் தரமணி நேயருக்கு என் பதில் இதுதான். மூணு பேரையும் மறுபடி கூப்பிடுங்க. சதுர அடி, கொத்தற வேலை, வாட்டர் ப்ரூஃபிங், டெஸ்ட், ரப்பிஷ், தண்ணி, ஜிஎஸ்டின்னு ஏழு வரியா தனித்தனியா எழுதித் தரச் சொல்லுங்க. அதுக்கப்புறம் மூணையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. "அடுத்த வாரமே காலி பண்ணிடலாம் சார்"னு நவம்பர்ல ஒருத்தர் சொன்னா, அவர் எவ்ளோ கம்மியா கேட்டாலும் வேண்டாம்.

வருஷத்துல நாலு தடவைதான் பூல்ல இறங்குறோம்னா, இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்க. 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டின நீச்சல் வளாகம் வேளச்சேரியிலயே இருக்கு. அங்க டைல்ஸ் பெயர்ந்தா நம்ம பொறுப்பு இல்ல!

உங்க அபார்ட்மெண்ட் கொட்டேஷன்ல புரியாத வரி இருந்தா அனுப்புங்க, சேர்ந்து பிரிச்சுப் பார்ப்போம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.