சாக்கடை யாருடையது?

குன்னூரிலிருந்து ஊட்டி போகும் சாலையில், வெலிங்டன் பக்கம் வரும்போது அரசாங்கம் மாறுவது யார் கண்ணிலும் படாது. அதே தேயிலைச் சரிவு, அதே தூறல். ஆனால் குன்னூர்ச் சாக்கடைக்குப் பொறுப்பு சென்னை. வெலிங்டன் சாக்கடைக்குப் பொறுப்பு டெல்லி, அதிலும் பாதுகாப்பு அமைச்சகம்!

காரணம் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணை. உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலில் 5-ஆவது இனம். வெலிங்டன் போன்ற கன்டோன்மென்ட்களின், அதாவது ராணுவக் குடியிருப்பு ஊர்களின், உள்ளாட்சியை மட்டும் பிரித்தெடுத்து ஒன்றியப் பட்டியலின் 3-ஆவது இனத்தில் வைத்துவிட்டார்கள். அங்குள்ள வீட்டு வாடகையைக் கட்டுப்படுத்தும் அதிகாரமும் அதற்குள்ளேயே வருகிறது.

1850-களில் ஜக்கதளா என்ற படுகர் ஊருக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரப் படைக்குப் பாசறை எழுந்தது. பிறகு வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற பிரபுவின் பெயர் அதற்கு வந்தது. அந்த ஜக்கதளா இன்று ஜெகதளா என்ற பேரூராட்சி. அண்டையில் இருந்தும் அதன் சட்டம் வேறு, வெலிங்டனின் சட்டம் வேறு.

2006-ஆம் ஆண்டின் கன்டோன்மென்ட் சட்டம் ஊர்களை மக்கள்தொகைப்படி நான்கு வகையாக்குகிறது. பத்தாயிரத்துக்கு மேல் ஐம்பதாயிரம் வரை இரண்டாம் வகை. வெலிங்டன் அதில் சேரும். ஊரை நிர்வகிக்கும் கன்டோன்மென்ட் போர்டுக்கு மக்கள் ஏழு பேரைத் தேர்ந்தெடுக்கலாம். எதிரே பதவி வழியிலும் நியமனத்திலும் ஏழு பேர்: ராணுவ அதிகாரிகள், கலெக்டர் அல்லது அவர் அனுப்பும் அதிகாரி, தலைமைச் செயல் அலுவலர், சுகாதார அலுவலர், பொறியாளர். தலைவர் நாற்காலி ராணுவ நிலையத்தின் தலைமை அதிகாரிக்கு. மக்களின் ஆளுக்குக் கிடைப்பது துணைத்தலைவர் பதவி. தொகுதி எம்.எல்.ஏ., எம்.பி. வந்து உட்காரலாம், ஓட்டுப் போட முடியாது. சரிபாதி என்று பெயர், ஆனால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்பது முன்பே தெரியும்.

அந்த ஏழு பேரும் இப்போது இல்லை. நாடு முழுதும் 57 கன்டோன்மென்ட்களில் 2023 ஏப்ரல் 30 அன்று தேர்தல் என்று அறிவித்த மத்திய அரசு, மார்ச் மாதமே அதைத் திரும்பப் பெற்றது. காலாவதியான போர்டுகளை ராணுவ அதிகாரியான தலைவர், செயல் அலுவலர், பொதுமக்களிலிருந்து மத்திய அரசு நியமிக்கும் ஒருவர் என மூவர் நடத்துகிறார்கள்.

டெல்லியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மாநிலப் பட்டியலில் இருக்கும் நம் நகராட்சிகளுக்கு 2016-இல் பதவிக்காலம் முடிந்தும் 2022 பிப்ரவரியில்தான் தேர்தல் வந்தது. தமிழர்கள் நிறைந்த டொராண்டோவிலோ, 2018-இல் தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருந்தபோதே ஒன்டாரியோ மாகாண அரசு வார்டுகளை 47-லிருந்து 25 ஆக்கியது. உள்ளாட்சி மாகாணத்தின் கைக்குள் என்று 1867-இன் சாசனம் சொல்வதால், 2021-இல் கனடா உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை ஏற்றது.

கன்டோன்மென்ட்களின் குடியிருப்புப் பகுதிகளை வெட்டி அண்டை உள்ளாட்சிகளோடு சேர்ப்பது மத்திய அரசின் இப்போதைய திட்டம். 2023-இல் இமாச்சலத்தின் யோல் முதலில் விடுபட்டது. சாலை, குடிநீர், விளக்கு போன்ற வசதிகளுக்கான சொத்துகளை மாநிலத்துக்கு இலவசமாகக் கொடுத்துவிடுவார்களாம். பொருந்தும் இடங்களில் நிலத்தின் உரிமை மட்டும் மத்திய அரசிடமே இருக்கும்.