கண்ணகி என்று பெயர் வைக்கலாமா?

பெண் குழந்தைக்குக் "கண்ணகி" என்று பெயர் வைக்கலாமா, கூடாதா?

இந்தக் கேள்வியால் என் நண்பர் வீட்டில் பத்து நாட்களாக ஒரே அமளி. பேத்தி பிறந்திருக்கிறாள். குழந்தையின் தகப்பனார் தமிழ்ப் பற்று உள்ளவர். "கண்ணகிதான்" என்று பிடிவாதமாக நின்றார். பாட்டியோ, "வேண்டவே வேண்டாம்" என்று கண்ணைக் கசக்கினார்.

கண்ணகியை அறியாத தமிழர் உண்டா? 1942-ல் கண்ணாம்பாவும், 1964-ல் விஜயகுமாரியும் திரையில் கண்ணகியாக வந்தார்கள். 1968-ல் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி, கையில் சிலம்புடன் சென்னைக் கடற்கரையில் சிலை எழுந்தது. 2001-ல் அதை அகற்றியபோது பெரும் கண்டனம் கிளம்பியது. 2006-ல் சிலை திரும்பவும் கடற்கரைக்கு வந்தது.

இவ்வளவு புகழ் இருந்தும், இந்தப் பெயர் தொட்டிலுக்கு வருவது அபூர்வம். ஏன்?

பாட்டியின் கட்சி

"அவள் என்ன சுகத்தைக் கண்டாள்? பன்னிரண்டு வயதில் கல்யாணம். புருஷன் மாதவி பின்னால் போனான். சொத்தும் போயிற்று. பிழைக்க மதுரைக்கு வந்தால், செய்யாத திருட்டுக்கு அவனை வெட்டிப் போட்டார்கள். பெயரோடு தலையெழுத்தும் ஒட்டிக்கொண்டால்?" என்றார் பாட்டி.

"சகுந்தலை, தமயந்தி என்று பெயர் வைக்கிறார்களே! அவர்களையும்தானே புருஷன் கைவிட்டான்?" என்றார் தகப்பனார்.

"கடைசியில் சேர்ந்துவிட்டார்களே!"

"சீதை?"

பாட்டி வாய் திறக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், மாதவி என்ற பெயரை யாரும் தள்ளி வைக்கவில்லை!

ஊரை எரித்தவளா?

"கோபக்காரியின் பெயர்" என்பது இன்னொரு ஆட்சேபம். பக்கத்து வீட்டுத் தமிழாசிரியர் அதை ஒப்பவில்லை.

"முதலில் அவள் வழக்குரைத்தாள். அரசியின் சிலம்பில் முத்து. தன் சிலம்பில் மாணிக்கம். உடைத்துக் காட்டினாள். பாண்டியன் தன் தவற்றை ஒப்புக்கொண்டு உயிர் விட்டான். அதன் பிறகுதான் நெருப்பு. அப்போதும் முதியோரையும் குழந்தைகளையும் தொடாதே என்றுதான் தீக்குக் கட்டளையிட்டாள். ஊரை எரித்தது சரியா என்று கேட்டால் எனக்கும் பதில் சொல்வது கடினம். ஆனால் காளியம்மாள் என்று பெயர் வைக்க அஞ்சாத நாம், கண்ணகிக்கு ஏன் அஞ்ச வேண்டும்?" என்றார்.

அவளும் தெய்வமாக நிற்பவள்தான். மட்டக்களப்பில் கண்ணகி அம்மனுக்கு வைகாசியில் சடங்கு நடக்கிறது. சிங்களவர் அவளைப் பத்தினித் தெய்வம் என்று வணங்குகிறார்கள். தமிழ்நாடு–கேரள எல்லையில், கூடலூர் மலைமேல் உள்ள மங்கலதேவி கோயிலுக்குச் சித்ரா பௌர்ணமியன்று கூட்டம் ஏறுகிறது.

பெயர் தாங்கியவர் சொல்கிறார்

அந்தப் பெயருடைய ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் அதே தெருவில் இருக்கிறார். அவரிடமே கேட்டோம்.

"பள்ளிக்கூடத்தில் 'சிலம்பு எங்கே? மதுரைக்கு எப்போது?' என்று கேலி செய்வார்கள். வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். ஆனால் ஒரு முறை கேட்டவர்கள் என் பெயரை மறந்ததில்லை. தலையெழுத்தா? அதோ, என் வீட்டுக்காரர் திண்ணையில் பேப்பர் படிக்கிறார், பாருங்கள். நாற்பது வருஷமாகச் சௌக்கியமாக இருக்கிறோம்!" என்று சிரித்தார்.

இத்தனை பேரிடம் கேட்டவர்கள், பெற்றவளைக் கேட்க மறந்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள்தான் கேட்டார்கள்.

"புருஷன் போனதற்காக அவளை நான் நினைப்பதில்லை. தனி ஒருத்தியாக அரசனிடம் போய் நியாயம் கேட்டாளே, அதற்காக நினைக்கிறேன். என் மகளுக்கும் கேட்கத் தெரியட்டும்" என்றாள் அந்தப் பெண்.

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. கண்ணகி என்றே பெயர் பதிவாயிற்று.

பாட்டி? அவர் பேத்தியைக் "கண்ணு" என்று கூப்பிடுகிறார். முழுப் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் தொட்டிலை ஆட்டுவது அவர்தான்!