முழமும் நிறமும்

மாட்டுங்காவில் பூ வாங்கும் தமிழர், "இரண்டு முழம் கொடுங்கள்" எனக் கேட்பர். முழங்கை முதல் விரல்நுனி வரையுள்ள நீளமே முழம். நீண்ட கையர் அளந்தால் பூ கூடும். குறுகிய கையர் அளந்தால் குறையும். எண் ஒன்று, அளவு வேறு.

கணினியில் நிறத்தின் நிலையும் இதுவே. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று எண்களாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வோர் எண்ணும் பொதுவாக 0 முதல் 255 வரை அமையும். ஆனால், ஒரு திரையின் சிவப்பு மற்றொரு திரையின் சிவப்பு அன்று. எனவே, காஞ்சிபுரத்தில் படமெடுத்த அரக்கு நிறப் பட்டுச்சேலை, கல்யாணில் உள்ள ஒருவரின் திரையில் பளிச்சென்ற சிவப்பாகத் தோன்றக்கூடும். சேலை கைக்கு வந்ததும் வாங்கியவர் ஏமாற்றம் அடைவார். நெய்தவர்மீது பழி விழும்.

'கலர் புரொஃபைல்' எனப்படும் நிறவிவரக் குறிப்பு இக்குறையைக் களைகிறது. படத்தின் எண்கள் எந்த அளவுகோலைச் சார்ந்தவை என்பதை அது தெரிவிக்கும். இதற்குப் பொதுவிதி வகுக்க 1993-இல் பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பு தோன்றியது. 1996-இல் முன்மொழியப்பட்ட 'எஸ்ஆர்ஜிபி' அளவுகோல் 1999-இல் பன்னாட்டுத் தரமாயிற்று. இணையப் படங்களுக்கு இதுவே பொது அளவு.

படத்தைச் சேமிக்கும்போது இக்குறிப்பையும் உடன் சேர்த்தல் வேண்டும். நிறவிவரம் அறியும் மென்பொருள் அதனைப் படித்துத் திரைக்கேற்ப எண்களை மாற்றிக் காட்டும். குறிப்பு நீங்கினால், மென்பொருள் தானே ஓர் அளவை ஊகிக்கும். ஒரே படம் இரு மென்பொருள்களில் இரு நிறமாகலாம். திரைக்குரிய விவரமும் சரியாக அமைதல் வேண்டும்.

சிந்தித்து எழுதுக: பூவை அளக்க மீட்டர்கோல் செய்யும் பணியைப் படத்தில் எது செய்கிறது? எவ்வாறு?