கல் கட்டும் அருவிகள்

பள்ளி ஆய்வுக்கூடத்தில் சுண்ணாம்புத் தெளிநீருக்குள் ஒரு கண்ணாடிக் குழாய் வழியாக ஊதிப் பார்த்திருப்பீர்கள். மூச்சிலுள்ள கரியமில வாயு பட்டதும் நீர் பால்போல் வெளுக்கும். அதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுச் சோதனைக் குழாயைக் கழுவி வைத்துவிடுவோம். ஆனால் சோதனையின் சுவையான பகுதி அதற்குப் பிறகுதான் இருக்கிறது. நிறுத்தாமல் மேலும் ஊதுங்கள். (மறந்தும் உறிஞ்சிவிடாதீர்கள்!) வெளுத்த நீர் மெல்லத் தெளியும். தெளிந்த நீரைச் சூடாக்குங்கள். மறுபடியும் வெண்மை தோன்றும்.

முதலில் தோன்றிய வெண்மை, நீரில் கரையாத கால்சியம் கார்பனேட். அதாவது சுண்ணாம்புக்கல்லின் அதே பொருள். கரியமில வாயு அதிகமானதும் அது கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாறிவிடுகிறது. சூடாக்கினால் வாயு வெளியேறுகிறது. கரைந்த கல் மறுபடி கல்லாகிறது. வாயு சேர்ந்தால் கல் கரையும். வாயு பிரிந்தால் கல் படியும். இவ்வளவுதான் விதி.

இதே சோதனையை, ஒரு பள்ளத்தாக்கையே சோதனைக் குழாயாகக் கொண்டு, இயற்கை பல ஆயிரம் ஆண்டுகளாகச் செய்து வருகிறது. ஏட்ரியாட்டிக் கடலை ஒட்டிய குரோஷியா நாட்டில், லிகா என்னும் மலைப்பகுதியில் உள்ள பிளிட்விட்சே ஏரிகள்தாம் அந்த இடம்.

குரோஷியாவின் மலைநாட்டில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல். மழைநீர் காட்டு மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் கரியமில வாயுவை வாங்கிக்கொள்கிறது. அந்த நீர் பாறையைக் கரைத்துக் குகைகளைக் குடைகிறது. அங்கே ஆறுகள் திடீரென்று நிலத்துக்குள் மறையும்; வேறெங்கோ ஊற்றாகக் கிளம்பும். இத்தகைய நிலத்தைப் புவியியலார் கார்ஸ்ட் என்பார்கள்.

பிளிட்விட்சேயில் வெள்ளை ஆறு, கருப்பு ஆறு என்று பொருள்படும் பெயர்களையுடைய இரண்டு சிற்றாறுகள் கலந்து முதல் ஏரிக்குள் நுழைகின்றன. அங்கிருந்து நீர் படிப்படியாக 16 ஏரிகள் வழியே இறங்குகிறது. முதல் ஏரி கடல் மட்டத்திலிருந்து 636 மீட்டர் உயரத்திலும் கடைசி ஏரி 503 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஒவ்வோர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே ஓர் அணை. அணையின் மேல் அருவிகள். வறட்சியில் வாடிய மக்களுக்கு இரங்கிக் கருப்பு ராணி என்பவள் பெய்வித்த மழையே இந்த ஏரிகள் என்பது அவ்வூர்க் கதை. அணைகளைக் கட்டியது யார் என்று கதை சொல்லவில்லை. அதைக் கட்டியது நீரேதான்!

அருவி என்றால் பாறையை அரிக்கும் என்றுதானே படித்திருக்கிறோம்? நயாகரா தன் விளிம்பை அரித்துக்கொண்டே பின்வாங்குகிறது. இங்கோ நேர்மாறு. ஊற்றில் பிறக்கும் நீரில் வாயு மிகுதி; அதனால் அங்கே கல் படிவதில்லை. ஓடும் வழியில் வாயு கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. நீர் விளிம்பில் மோதிச் சிதறும்போதோ, சோடா புட்டியைக் குலுக்கித் திறந்ததுபோல் விரைந்து வெளியேறுகிறது. ஆகவே எங்கே நீர் அதிகம் சிதறுகிறதோ அங்கேதான் கல் அதிகம் படிகிறது. அணை உயர்கிறது, உயர்ந்தால் நீர் இன்னும் நன்றாகச் சிதறுகிறது.

இதில் உயிர்களுக்கும் பங்கு உண்டு. விளிம்புகளில் மாஸ் என்னும் சிறு தாவரங்கள் அடர்ந்து வளர்கின்றன. அவற்றின் இலைகளில் சுண்ணப் படிகங்கள் ஒட்டுகின்றன. அடிப்பகுதி கல்லாகிப்போக, நுனி மட்டும் பச்சையாக மேலே வளர்கிறது. ஆல்காக்களும் பாக்டீரியாக்களும் துணை நிற்கின்றன. குரோஷியத் தாவரவியலார் இவோ பெவாலெக் இந்தப் பங்கை விளக்கிக் காட்டியவர். இப்படி உண்டாகும் துளைகள் நிறைந்த கல்லை அந்நாட்டவர் செட்ரா என்கிறார்கள்.

ஏற்ற இடங்களில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. உங்களுக்கு 15 வயது என்றால், நீங்கள் பிறந்தபின் வளர்ந்தது உங்கள் அடிக்கோலில் பாதி! ஆனாலும் பெரிய ஏரியான கொஸ்யாக்கின் அடியில் மூழ்கிய அணை ஒன்று கிடக்கிறது. முன்பு அங்கே இரண்டு ஏரிகள் இருந்தன. கீழ் அணை வேகமாக உயர்ந்து மேல் அணையை மூழ்கடித்துவிட்டது.

1949-இல் தேசியப் பூங்காவான இவ்விடம், 1979-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களில் இடம்பெற்றது. யூகோஸ்லாவியா சிதறியபோது, 1991 மார்ச் 31-இல் இந்தப் பூங்காவிலேயே துப்பாக்கிச் சண்டை மூண்டு, இரு தரப்பிலும் ஒவ்வொருவர் மாண்டனர். 1992 முதல் 1997 வரை இது ஆபத்திலுள்ள சின்னங்களின் பட்டியலில் இருந்தது. மனிதர் வராத அந்த ஆண்டுகளிலும் அருவிகள் கல் படிவித்துக்கொண்டுதான் இருந்தன.

போர் செய்யாத தீங்கைக் கழிவுநீர் செய்துவிடக்கூடும் என்பதே என் அச்சம். செட்ரா உருவாக நீர் மிகத் தூய்மையாக இருக்க வேண்டும். கரைந்த கரிமப் பொருள்களிலுள்ள கார்பன் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால், அவை படிகங்களின் மேல் படலமாகப் படிந்து அவற்றை வளரவிடுவதில்லை. அப்புறம் எவ்வளவு சுண்ணம் கரைந்திருந்தாலும் பயனில்லை. உரச்சத்துக் கலந்தாலோ, நாணலும் புல்லும் அணைகளின் மேல் மண்டிவிடும். ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோகும் இடம் இது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏரிகளில் நீந்தத் தடை. நடப்பதற்கு மரப்பலகைப் பாதைகள். பலகையைவிட்டு இறங்கி ஒருவர் கால் வைத்தால், பல ஆண்டு வளர்ச்சி ஒரு நொடியில் நொறுங்கும்.

கடைசி ஏரியைக் கடந்த நீர், 78 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ‘பெரிய அருவி’யின் நீரோடு கலந்து கொரானா ஆறாகிறது. பூங்காவுக்குக் கீழே இந்த ஆறு சில கோடைகளில் வற்றிவிடுகிறது. கார்ஸ்ட் நிலம் நீரை விழுங்கிவிடுகிறது. அங்கும் சிறு செட்ரா அணைகள் உண்டு. நீர் நின்றதும் மாஸ் காய்கிறது. கல்லை மூடிக் காத்த பச்சை போய்விடுகிறது. விளிம்பு உதிரத் தொடங்குகிறது.